எங்கள் குளத்தை யார் கட்டினார்கள்? வரலாற்றுப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தரம் 6 முதல் 9 வரையான வகுப்புகளுக்கு வரலாற்றுப் பாடத்திட்டம் வரையும் குழுவினர் அனைவருக்கும்,

கடந்த மாதம் நீங்கள் கூட்டிய கருத்தமர்வில் எங்கள் கைகளில் தரப்பட்ட வரைவில், ஒவ்வோர் அலகுக்கும் எதிரே அதற்குரிய பாடவேளைகளின் எண்ணிக்கை குறிக்கப்பட்டிருந்தது. "பிரதேச வரலாறு" என்ற அலகுக்கு எதிரே மட்டும் எண் இல்லை. "நேரமிருப்பின் மேற்கொள்ளலாம்" என்ற இரண்டு சொற்கள் இருந்தன. இருபத்தொரு ஆண்டுகளாக இலங்கையின் வடக்கே வன்னிப் பாடசாலைகளில் வரலாறு கற்பிப்பவள் நான். அந்த இரண்டு சொற்களின் பொருள் எனக்குத் தெரியும். மூன்றாம் தவணையில் மழை பிடித்துவிட்டால் எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வகுப்புக்கு வர வழியிராது. எஞ்சிய நாட்களில் பரீட்சைக்குரிய பாடத்தை முடிப்பதே பெரும்பாடாக இருக்கும். நேரமிருப்பின் என்று எழுதப்பட்ட பகுதியை எந்தப் பிள்ளையும் காணப்போவதில்லை. அமர்வில் எழுந்து இதைச் சொன்னேன். எழுத்தில் தரும்படி கூறினீர்கள். அன்று மாலையே ஏழு கேள்விகளாக எழுதிக் கொடுத்தேன். இன்றுவரை பதில் இல்லை. ஆகையால் இதனை எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், தரம் 7இல் பண்டைய நீர்ப்பாசனம் கற்பித்துக்கொண்டிருந்தேன். மின்னேரியைக் கட்டிய மகாசேனன், கலாவாவியைக் கட்டிய தாதுசேனன், பராக்கிரம சமுத்திரத்தைக் கட்டிய பராக்கிரமபாகு என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பியபோது, பின்வாங்கிலிருந்த ஒரு சிறுமி எழுந்து, "ரீச்சர், எங்கட குளத்தை ஆர் கட்டினது?" என்று கேட்டாள். மகாசேனன் பதினாறு குளங்கள் கட்டினான் என்பதை மனப்பாடமாக ஒப்புவிக்கக்கூடிய பிள்ளை அவள். தன் தகப்பன் சிறுபோகத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற குளத்தை, வான் பாய்கிற நாளில் ஊரே திரண்டு போய்ப் பார்க்கிற குளத்தைப் பற்றி அவளிடம் ஒரு வரிகூட இருக்கவில்லை. என்னிடமும் இருக்கவில்லை. "தேடிச் சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை, பெற்றோரிடம் சொல்லி, பதினான்கு பிள்ளைகளைக் குளக்கட்டுக்கு அழைத்துச் சென்றேன். முன்னர் வட்டவிதானையாக, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுவதைக் கவனிப்பவராக, இருந்த முதியவர் ஒருவர் எங்களுடன் வந்தார். குளத்து நீரைத் திறந்துவிடும் இப்போதைய கொங்கிறீற்றுத் துருசிலிருந்து முந்நூறு அடி தள்ளி, பற்றைக்குள் பாதி புதைந்து கிடந்த கற்பலகைகளை அவர் கத்தியால் செடியை வெட்டி விலக்கிக் காட்டினார். பலகைகளில் ஒன்றின் விளிம்பில் வரிசையாக உளி இறங்கிய தடங்கள் இருந்தன. ஒரு பையன் தன் சுண்டுவிரலை ஒவ்வொரு தடத்திலும் வைத்துப் பார்த்து, "இது மெசினால வெட்டினதோ, கையால வெட்டினதோ ஐயா?" என்று கேட்டான். கையால்தான் என்றார் அவர். தன் அப்புவின் காலத்தில் குளம் உடைந்து உள்ளே காடு பற்றிக் கிடந்தது என்றும், வெள்ளைக்காரர் காலத்தில் பழைய கட்டின் மேலேயே மண் போட்டு உயர்த்தினார்கள் என்றும் சொன்னார். அப்படியானால் அதற்கு முன் கட்டியது யார் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அவருக்குத் தெரியவில்லை. தெரியாது என்று ஒரு பெரியவர் சொல்வதைக் கேட்டு, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அந்தப் பதினான்கு பேரும் தமக்குள் பேசிக்கொண்டு நடந்த அந்த அரை மணித்தியாலத்தைப் போன்ற ஒரு வரலாற்றுப் பாடத்தை நான் வகுப்பறைக்குள் ஒருநாளும் நடத்தியதில்லை.

நீங்கள் வரைந்துள்ள ஒழுங்கு இராசதானிகளின் ஒழுங்கு. அனுராதபுரத்திலிருந்து பொலன்னறுவை, தம்பதெனியா, யாப்பகூவா, குருநாகல், கம்பளை, கோட்டே, கண்டி என்று தலைநகர்கள் தெற்கும் மேற்குமாக நகர்ந்து செல்ல, இடையில் யாழ்ப்பாண இராச்சியத்துக்கு ஓர் அலகு வருகிறது. இந்தப் பாதையில் வன்னி எங்கும் வருவதில்லை. வந்தாலும் அனுராதபுரத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே உள்ள காடாக, படைகள் கடந்து செல்கிற இடமாக வருகிறது. அந்தக் காட்டுக்குள்தான் எங்கள் பிள்ளைகளின் வீடுகள் இருக்கின்றன. பாலியாற்றை மறித்துக் கட்டிய வவுனிக்குளம் பண்டைக் குளம் ஒன்றின் மீள்கட்டுமானம். கனகராயன் ஆற்றின் நீரைத் தேக்கும் இரணைமடு 1902இல் தொடங்கிக் கட்டப்பட்டு, பின்னர் பலமுறை உயர்த்தப்பட்டது. இரணை என்பது இரட்டை என்பதால், பெயரே அது ஒருகாலத்தில் இரண்டு குளமாக இருந்ததைச் சொல்கிறது. மன்னாரில் கட்டுக்கரைக்குளம் இருக்கிறது. அதன் பக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துத் தொல்லியலாளர்கள் அகழ்ந்தபோது சுடுமண் உருவங்களும் பழைய மட்பாண்டங்களும் வெளிப்பட்டன. உங்கள் வரைவிலும் அந்தக் குளம் ஓரிடத்தில் வருகிறது, ஆனால் "யோதவாவி" என்ற பெயரில். கட்டுக்கரை நீரில் விளைந்த நெல்லைத் தின்று வளர்ந்த மன்னார்ப் பிள்ளை அந்தப் பக்கத்தை வாசித்தால், அது தன் குளம் என்று அதற்குத் தெரியாது. தமிழ்ப் பாடநூலை முதலில் தமிழில் எழுதாமல் வேறு மொழியிலிருந்து பெயர்ப்பதால் நேரும் பிழை இது. அச்சுப் பிழை போல இதைக் கடைசி நேரத்தில் திருத்திவிட முடியாது. எழுதுகிறபோதே தமிழில் எழுதுகிறவர்கள் மேசையில் இருக்க வேண்டும்.

பிரதேச வரலாற்றைச் சேர்த்தால் பிள்ளைகளிடம் பிரிவினை உணர்வு வளரும் என்று அமர்வில் ஒருவர் சொன்னார். அவருக்கு என் வகுப்பறையிலிருந்து ஒரு கல்வெட்டைக் கொண்டு பதில் சொல்கிறேன். வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தில் உள்ள கற்குகையில், கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்துப் பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில், "தமெத வணிஜ கஹபதி விசாக" என்பவனின் குகை என்று பொறிக்கப்பட்டுள்ளது. தொல்லியலாளர் பரணவிதான 1970இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுப்பில் அது உண்டு. தமெத என்றால் தமிழன். தமிழ் வணிகன் ஒருவன் வன்னியில் குகை ஒன்றைப் பௌத்த துறவிகளுக்கு வழங்கியிருக்கிறான். நான் அந்த எழுத்துகளைக் கரும்பலகையில் கீறிக் காட்டியபோது, கஹபதி என்பதன் முதலெழுத்து ஓலைக்கொட்டிலின் முகடு போல இருக்கிறது என்று பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு அவரவர் பெயரில் அந்த எழுத்து வருகிறதா என்று தேடினார்கள். அதன் பின் வந்த கேள்விகளை அப்படியே தருகிறேன். "அவர் தமிழர் எண்டா ஏன் தமிழில எழுதேல்ல?" "தமிழர் புத்தரையும் கும்பிட்டவையோ?" "வணிகன் எண்டா என்ன வித்திருப்பார்?" பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் மொழி, சமயம், இனம் ஆகிய மூன்றும் எப்போதும் ஒரே கோட்டில் போவதில்லை என்பதை இந்த ஒரு வரியிலிருந்து தாமாகவே கண்டுபிடித்தார்கள். மலைகளின் உச்சியிலும் குளங்களின் கரையிலும் பழைய செங்கல் ஒன்று தெரிந்தாலே இது யாருடையது என்று பெரியவர்கள் சண்டை பிடிக்கிற ஒரு மண்ணில் வாழும் பிள்ளைகளுக்கு இதைவிட அவசரமான பாடம் எது என்று எனக்குத் தெரியவில்லை. பெரியபுளியங்குளம் உங்கள் வரைவில் இல்லை.

பண்டாரவன்னியனைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1803இல் கண்டியில் பிரித்தானியப் படை அழிந்ததைப் பிள்ளைகள் படிக்கிறார்கள். 1818 ஊவா எழுச்சியையும் 1848 மாத்தளைக் கிளர்ச்சியையும் படிக்கிறார்கள். அதே 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிரித்தானியரிடமிருந்து கைப்பற்றிய வன்னித் தலைவன் ஒருவன் இருந்தான் என்பதை அவர்கள் வவுனியா நகரத்துச் சிலையைப் பார்த்தோ, கோயில் திருவிழாவில் ஆடும் நாடகத்தைப் பார்த்தோதான் அறிகிறார்கள். நான் அவனுக்குப் புகழ்மாலை சூட்டும் அலகு ஒன்றைக் கேட்கவில்லை. நாடகமும் சிலையும் அதைப் போதுமான அளவு செய்துவிட்டன. ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட கல்லில், கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனை 1803 ஒக்டோபர் 31இல் இவ்விடத்தின் அருகே தோற்கடித்தார் என்று எழுதப்பட்டது. அந்த ஒரு வாக்கியத்தை வைத்து இரண்டு பாடவேளை நடத்தலாம். நடத்தியிருக்கிறேன். வென்றவன் ஏன் தோற்றவனின் பெயரையும் கல்லில் எழுதினான்? தோற்கடித்தார் என்று சொல்லும் கல், கொன்றார் என்று ஏன் சொல்லவில்லை? அன்றே இறந்தான் என்பவர்களும் தப்பிப் போனான் என்பவர்களும் எதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள்? ஆங்கிலத்தில் எழுதிய அந்தக் கல்லை அக்காலத்து ஊரவர்களில் யார் வாசித்திருப்பார்கள்? உங்கள் வரைவின் முகவுரையில் "மூலாதாரங்களைப் பகுப்பாய்வு செய்யும் தேர்ச்சி" என்று நல்ல தமிழில் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தேர்ச்சிக்கான கல் எங்கள் ஊரிலேயே இருந்தது. ஒரு பஸ் பிடித்து அனுராதபுரத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்ல, தாய்மார் சீட்டுக்காசை எடுத்துத் தர வேண்டிய நிலையில், நடந்து போகக்கூடிய ஆதாரத்தை விட்டுவிட எங்களுக்கு வசதியில்லை.

ஒல்லாந்தர் காலமும் அப்படியே. வன்னிமைகள், அதாவது வன்னித் தலைவர்களின் ஆட்சிப் பகுதிகள், திறையாக யானை கொடுத்தன. பிடித்த யானைகள் வடக்கே நடத்திச் செல்லப்பட்டுக் கப்பலேற்றப்பட்டன. ஆனையிறவு என்ற பெயரை வாயால் சொல்லித் திரியும் பிள்ளைகளுக்கு, அந்தப் பெயருக்குள் ஒரு வாணிபம் முழுவதும் இருக்கிறது என்று சொல்ல ஒரு பந்தி போதும்.

இனி, நான் அதிகம் சொல்ல விரும்புகிற இடத்துக்கு வருகிறேன். தரம் 9 பிள்ளைகளிடம், வீட்டிலுள்ள மிகப் பழைய தாள் ஒன்றைப் பார்த்து எழுதிக்கொண்டு வரும்படி ஒருமுறை சொன்னேன். தாளையே கொண்டுவர வேண்டாம் என்று சொல்லியும் ஒரு மாணவி கொண்டுவந்துவிட்டாள். அது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவளது பூட்டனாருக்கு வழங்கப்பட்ட காணி அனுமதிப்பத்திரம். இரண்டு பொலித்தீன் பைகளுக்குள் ஒன்றினுள் ஒன்றாக வைத்து, மேலே சைக்கிள் ரியூப்பை வெட்டிய வாரால் கட்டியிருந்தது. மடிப்புகளில் தாள் கிழிந்து, சோற்றுப்பசையால் ஒட்டப்பட்டிருந்தது. ஒரு மூலையில் நீர் ஊறிய மஞ்சள் கறை. பெருவிரல் அடையாளம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. 2008இன் கடைசியில் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது அவளுடைய அம்மம்மா அதை வயிற்றில் கட்டிக்கொண்டு, இடத்துக்கு இடம் மாறி, முள்ளிவாய்க்கால் வரை போய், மெனிக் பாம் முகாமுக்குள்ளும் கொண்டு வந்து, திரும்பவும் அதே காணிக்குக் கொண்டு போயிருக்கிறார்.

அந்தத் தாளை மேசையில் வைத்துக்கொண்டு நாங்கள் பேசினோம். ஏன் அக்காலத்தில் காணி கொடுத்தார்கள்? மலேரியா அடங்கிய பின் குடியேற்றம் எப்படிப் பெருகியது? முதலில் வந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? ஒரு பிள்ளை, "இதில ஏன் பூட்டன்ர பேர் மட்டும் கிடக்கு? பூட்டியும் காடு வெட்டினவதானே?" என்று கேட்டாள். காணி உரியவருக்குப் பின் யாருக்குச் சேரும் என்ற பின்னுரித்தில் அச்சட்டம் ஆண் மகனையே முன்வைத்தது என்பதை நான் விளக்கினேன். வகுப்பிலிருந்த பெண்பிள்ளைகள் அனைவரும் அன்று வீட்டுக்குப் போய்த் தாய்மாரிடம் காணி யார் பெயரில் என்று கேட்டிருக்கிறார்கள். மறுநாள் மூன்று தாய்மார் என்னைத் தேடி வந்தார்கள். அவர்கள் கோபத்தோடு வரவில்லை. தங்கள் தாள்களையும் கொண்டு வந்திருந்தார்கள்.

என் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு தாள் இல்லை என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். தோட்டங்களிலிருந்து வன்முறைக்கும் பசிக்கும் தப்பி 1958க்குப் பின்னும் 1977க்குப் பின்னும் வன்னிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் முன்னோர் தலைமன்னாரில் இறங்கி, இதே வன்னிக் காட்டுக்குள்ளால் மாத்தளை வரை நடந்தே கோப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள். வழியில் பலர் மடிந்தார்கள். 2023இல் அந்தப் பாதையை மலையக மக்கள் மீண்டும் நடந்து நினைவுகூர்ந்தபோது, எங்கள் பிள்ளைகளில் சிலர் முதன்முறையாகத் தம் குடும்பக் கதையை வீதியில் கண்டார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளும் என்னிடம் படிக்கிறார்கள். தங்கள் பெரியப்பா வீட்டுக் கிணறு எங்கே இருந்தது என்று அவர்களுக்குத் தெரியும். ஏன் அங்கிருந்து போனார்கள் என்று வகுப்பில் உரத்துச் சொல்ல அவர்கள் தயங்குகிறார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது தெரியவே தெரியாது. தெரியாமல் வைத்திருப்பவர்களில் நானும் ஒருத்தி. பாடத்தில் இல்லாததைப் பேசி வம்பில் மாட்டக்கூடாது என்று பல ஆண்டுகள் வாய்மூடி இருந்தேன்.

2009ஐப் பற்றித் தரம் 6 பிள்ளைக்கு ஒரு முழு அலகு எழுதும்படி நான் கேட்கவில்லை. அந்த வயதுப் பிள்ளைக்கு எதை, எவ்வளவு, எப்படிச் சொல்வது என்பதை உளவளத்துணையாளர்களோடு அமர்ந்து தீர்மானிக்க வேண்டும். ஆனால் முற்றாக எழுதாமல் விடுவது பிள்ளைகளை அதிலிருந்து காப்பாற்றவில்லை. அவர்கள் வீட்டில் சுவரில் மாட்டிய படங்களுக்குக் கீழே இருந்துதான் வீட்டுப்பாடம் செய்கிறார்கள். வயல் உழும்போது வெளிவரும் இரும்புத் துண்டைத் தொடக்கூடாது என்று நடக்கத் தொடங்கும்போதே படித்தவர்கள். அவர்களுக்குக் கைபேசியில் வருகிற பொய்யும் உண்மையும் கலந்த காணொளிகளை நிறுத்துப் பார்க்கும் பழக்கத்தைக் கொடுக்க வேண்டிய பாடம் வரலாறு. அந்தப் பழக்கத்தைக் குளக்கட்டில் கிடக்கும் கல்லிலிருந்து தொடங்கினால், தரம் 9க்கு வரும்போது அவர்கள் கடினமானதையும் ஆதாரத்தோடு பேசக் கற்றிருப்பார்கள். நேரமிருப்பின் என்று தள்ளிவைத்தால் அது ஒருநாளும் நடக்காது.

ஆகவே நான் கேட்பவை இவை. பிரதேச வரலாற்றுக்கு எதிரேயுள்ள அந்த இரண்டு சொற்களை நீக்கி, தரம் 6 முதல் 9 வரை ஒவ்வொரு தவணையிலும் குறைந்தது ஆறு பாடவேளைகளை எண்ணாலேயே எழுதுங்கள். அதனைப் பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் புள்ளியோடு சேருங்கள். புள்ளியில்லாததை அதிபர்கள் கேட்கமாட்டார்கள், பெற்றோரும் அனுப்பமாட்டார்கள், இது நான் இருபத்தொரு ஆண்டுகளாகக் கண்டது. தரம் 6இல் குளமும் ஊர்ப்பெயரும், தரம் 7இல் கல்வெட்டும் மாதோட்டத் துறைமுகமும், தரம் 8இல் வன்னிமைகளும் யானை வாணிபமும், தரம் 9இல் குடியேற்றமும் இடப்பெயர்வும் என்று ஓர் ஒழுங்கை நான் வரைந்து வைத்திருக்கிறேன்; அதைவிட நல்லது உங்களிடம் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். மூலாதாரங்களின் படங்களும் வாசகங்களும் கொண்ட சிறு கையேடு ஒன்றைத் தமிழில் வெளியிடுங்கள். கொழும்பில் சுவடிகள் திணைக்களத்தில் இருக்கும் ஒல்லாந்த ஆவணங்களைப் பார்க்க எங்கள் பிள்ளைகளால் வர முடியாது. இடப்பெயர்களை அந்தந்த ஊர் மக்கள் வழங்கும் பெயரில் அச்சிடுங்கள். இரண்டு பெயர் வழக்கிலிருந்தால் இரண்டையும் அச்சிடுங்கள். வரைவை எழுதும் குழுவில் வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய நான்கு மாவட்டங்களிலிருந்தும் வகுப்பறையில் இன்று கற்பித்துக்கொண்டிருக்கும் ஆசிரியர் ஒருவரையாவது, முஸ்லிம், மலையகப் பின்னணி ஆசிரியர்கள் விடுபடாமல், சேர்த்துக்கொள்ளுங்கள். போரில் சேர்விடாப்பும் (மாணவர் சேர்வுப் பதிவேடு) சம்பவத் திரட்டும் (பாடசாலை நிகழ்வுகளின் பதிவேடு) அழிந்துபோன பாடசாலைகளுக்கு, பழைய மாணவரிடமும் ஊரவரிடமும் கேட்டு அவற்றை மீள எழுதும் வேலையைப் பாடச் செயற்பாடாகவே அங்கீகரியுங்கள்.

நான் எழுத்தில் கொடுத்த கேள்விகள் ஏழு. அவற்றுக்கு, வரைவு அச்சுக்குப் போகும் முன், எழுத்தில் பதில் வேண்டும். அதற்கும் முன்னதாக உங்களில் இருவராவது, காலபோக விதைப்பு தொடங்குவதற்கு முந்திய ஒரு சனிக்கிழமை இங்கு வர வேண்டும். அந்தக் காலத்தில் குளத்தில் தண்ணீர் வற்றி அலைகரை தெரியும். பழைய துருசுக் கற்களும் வெளியே கிடக்கும். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். திகதியை மட்டும் அறியத் தாருங்கள்.

வன்னியிலிருந்து
ஒரு வரலாற்று ஆசிரியை